கத்தி செட் இலவசம்

"இப்பல்லாம் எவன் எதை ரிப்பேர் பண்றான்? மெஷின் லேசா இருமினாப் போதும், தூக்கி ரோட்டோரம் வச்சிடறான். உடனே புதுசு விக்க ஒருத்தன் வந்து கதவைத் தட்டிடறான்!"

வந்தவன் காதில் விழட்டும் என்றுதான் டெல்பர்ட் உரக்கச் சொன்னார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனிச்சேற்றைத் தட்டிக்கொண்டிருந்த டிரெவர் அசரவில்லை. அவனுடைய ஒரு கையில் புத்தம்புது வாக்குவம் கிளீனர். மறு கையில், டெமோ பார்ப்பவர்களுக்குத் தரும் இலவசக் கத்தி செட்.

"உள்ளே வா தம்பி," என்றாள் அவர் மனைவி ஆர்லீன். "இந்தக் கிழவன் குளிர் ஆரம்பிச்சதிலேர்ந்து ஒரு ஓட்டை மெஷினைக் கட்டிக்கிட்டு அழறான். இன்னிக்கு உன்னோடது ஜெயிச்சா, அது நேரா குப்பை வண்டிக்குத்தான்!"

நடுக்கூடத்தில் அந்த 'ஓட்டை' பளபளத்தது. டிரெவரின் அப்பாவைவிட வயதில் மூத்தது. டெல்பர்ட் அதற்குப் புது ஒயர் போட்டு, மோட்டாரைக் கழற்றித் துடைத்து, துருவெல்லாம் தேய்த்து எடுத்திருந்தார்.

"முதல்ல உங்களோடதை ஓட்டுங்க சார்."

டெல்பர்ட் கார்ப்பெட்டில் ஓட்டினார். வீடே அதிர்ந்தது. அதே இடத்தில் டிரெவர் தன் மெஷினை ஓட்டினான். அதன் குழாயில் மாட்டியிருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டினான். பனி உருகத் தூவும் ரோட்டு உப்பும் நாய் முடியும் அப்பியிருந்தன.

"இவ்வளவும் உங்க மெஷின் விட்டு வச்சது."

"அய்யே!" ஆர்லீன் மூக்கைப் பொத்தினாள். "போச்சு கிழவா. வாசல்ல கொண்டு வச்சிடு."

"இரு. இன்னொரு துணி குடு."

புதியது ஓடிய அதே இடத்தில் பழையது மறுபடி உறுமியது. டெல்பர்ட் துணியை உருவினார். கன்னங்கரேல்!

"இது உன்னோடது விட்டு வச்சது. யார் கடைசியா ஓட்டினாலும் கொஞ்சம் அழுக்கு வரும் தம்பி, உங்க வித்தையே அதானே? ஆனா ரெண்டு துணியையும் ஜன்னல்கிட்ட வச்சுப் பாரு."

டிரெவர் பார்த்தான். பழைய மெஷினின் துணியில்தான் அழுக்கு அதிகம். மெல்லக் குனிந்து பழைய மெஷினைத் தடவினான்.

"சார்... எங்க வீட்ல எங்க கம்பெனி மெஷினே மூணு போயிடுச்சு. இதை எனக்குத் தருவீங்களா?"

"விக்கறதுக்கில்ல."

"குப்பைக்குப் போறதுக்கு இவன் வீட்டுக்குத்தான் போகட்டுமே!" என்று பாய்ந்தாள் ஆர்லீன்.

டெல்பர்ட் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். "சரி. ஆனா ரொக்கம். செக்கெல்லாம் நான் நம்ப மாட்டேன்."

விற்க வந்தவன் வாங்கிக்கொண்டு போனான், குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு.

கார் தெருமுனை திரும்பியதும் ஆர்லீன் அலமாரியைத் திறந்தாள். அங்கே ஏற்கெனவே அடுக்கியிருந்த ஏழு இலவசக் கத்தி செட்டுகளின்மேல் எட்டாவதை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "கிழவா, அடுத்து எந்தக் கம்பெனியைக் கூப்பிடட்டும்?"

"எவனைக் கூப்பிட்டா என்ன? ஒருத்தனுக்காவது மெஷினோட தூசிப் பையை ஒழுங்கா மாட்டத் தெரியும்னு எனக்குத் தோணல," என்று முணுமுணுத்தபடி, ரோட்டோரத்தில் பொறுக்கிய அடுத்த மெஷினைத் தூக்கி வர நிலவறைக்கு இறங்கிப் போனார் டெல்பர்ட்.