கல்யாணம் முடக்கி

"ஏட்டி சத்தியபாய், கூண்டுல ஏறு. இன்னைக்கு உனக்க கேஸை முடிச்சிருவோம்."

நீதிபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாராயணபெருமாள் சத்தம் போட்டார்.

சென்னையில் ஒரு சினிமா ஸ்டுடியோ. டிக்கெட் எடுத்தால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். கவுண்டரில் பேரம் பேசித் தோற்ற கடுப்பு நாராயணபெருமாளுக்கு இன்னும் ஆறவில்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பாதி வெட்டின விமானம் எல்லாம் பார்த்துவிட்டுக் கோர்ட் செட்டுக்கு வந்திருந்தார்கள். சுவர் ஒட்டுப்பலகை. அலமாரியில் அடுக்கியிருந்த சட்டப் புத்தகங்கள் வெறும் பெயின்ட். யார் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்காரலாம், கூண்டில் ஏறலாம், போட்டோ எடுக்கலாம்.

நாராயணபெருமாளுக்குத் தக்கலையில் மரக்கடை. மகள் ஆதிராவுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ரயில் ஏறியிருந்தார். தங்கச்சி சத்தியபாயை அவர் கூப்பிடவில்லை. "அத்தை வந்தாத்தான் நான் வருவேன்" என்று ஆதிராதான் இழுத்து வந்தாள்.

சத்தியபாய் சிரித்துக்கொண்டே கூண்டில் ஏறினாள். ஆதிரா செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கல்யாணம் முடக்கிக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

சுத்தியலால் மேஜையில் ஒரு போடு போட்டார் நாராயணபெருமாள். சத்தியபாயின் சிரிப்பு நின்றது.

போன வருடம் ஆதிராவுக்கு வேறொரு சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன். அமுக்கிப் பேசின ஆம்பிளைக் குரல். 'பொண்ணுக்கு வலிப்பு உண்டு. மறைச்சுக் கெட்டி வைக்கப் பாக்காவ.' அத்தோடு சம்பந்தம் முறிந்தது. போன் வந்த நம்பர் சத்தியபாயுடையது.

"ஆள் வச்சுப் பேசியிருக்கா. அவளுக்க மவன் சுஜினுக்கு எனக்க பிள்ளையைக் கெட்டணும். அதுக்காக்கும்!" என்று ஊரெல்லாம் சொன்னார் நாராயணபெருமாள். "நான் செய்யல்ல" என்பதற்கு மேல் சத்தியபாய் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்பா, போட்டோவுக்குத்தானே ஏறினாங்க? விடுங்க" என்றாள் ஆதிரா.

"எப்படி விட? உனக்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவளாக்கும்!"

"ஆளுக முன்னால வேண்டாம், கேட்டியளா" என்று கணவரை அடக்கிய தாணம்மாள், அதே மூச்சில் கூண்டுப் பக்கம் திரும்பினாள். "ஆனாலும் ஒரு பொம்பளப் பிள்ளையைப் பத்தி அப்படிச் சொல்ல உனக்கு எப்படித்தான் மனசு வந்துதோ!"

பின்னால் வரிசையில் நின்றவர் பொறுமை இழந்தார். "சார், நாங்களும் போட்டோ எடுக்கணும்."

"கோர்ட்டு நடக்குல்லா? நில்லும் ஓய்!"

வரிசை சிரித்தது. இரண்டு பேர் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆதிரா செல்போனைத் தாழ்த்தினாள். "அத்தை, நீங்க செய்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். அந்தப் போன் பேச்சு அவங்க வீட்டுப் போன்ல பதிவாகி இருக்காம், இப்பத்தான் தெரிஞ்சுது. அந்த மாப்பிள்ளைக்க தங்கச்சி ஜினிஷா எனக்க கூடப் படிச்சவதான். கேட்டா அனுப்பித் தருவா. இங்க வச்சே எல்லாருமாக் கேப்போம். யாருக்க குரல்னு தெரியட்டு."

"முடிஞ்ச கதையை எதுக்குட்டி கிளறுக?" என்றார் நாராயணபெருமாள்.

"இப்பக் கிளறினது நீங்கதானே அப்பா?"

ஆதிரா நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது.

"வை மக்கா போனை" என்றாள் சத்தியபாய்.

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான். ஆள் வச்சுப் பேசச் சொன்னது நான்தான்."

"பொய்!"

"பொய்யில்ல மக்கா. உன்னை எனக்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்னு ஒரு ஆசை. அது கண்ணை மறைச்சுப் போட்டு."

"ஹலோ, ஆதிரா?" என்றது போன்.

ஆதிரா ஸ்பீக்கரை அணைத்தாள். "ஒண்ணுமில்ல ஜினிஷா. ஒண்ணும் வேண்டாம்." வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு உங்க மடியிலதானே அத்தை கிடந்து அழுதேன்? தலையைத் தடவிக் கொடுத்தீங்களே... எப்படி அத்தை முடிஞ்சுது?"

ஆதிரா செல்போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"இனி எனக்க கல்யாணத்துக்கு நீங்க வராண்டாம்."

ஆதிரா வெளியே ஓடினாள். "நல்லா இருப்பியாட்டி நீ?" என்று கேட்டுவிட்டுத் தாணம்மாள் மகளின் பின்னால் ஓடினாள்.

வரிசையில் ஒருவர் கைதட்டினார். "செம ஆக்டிங்!"

சத்தியபாய் கூண்டிலிருந்து இறங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீதிபதி மேஜைக்கு வந்தாள். நாராயணபெருமாள் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எழும்பு அண்ணே. அடுத்த ஆளு நிக்கு."

அவர் எழும்பவில்லை. அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சொன்ன சீதனத்தைப் புரட்ட முடியல்லேன்னு அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நேராச் சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்? போட்டு, விடு. அத்தை இல்லேன்னாலும் அவளுக்குக் கல்யாணம் நடக்கும். எனக்க போனை வாங்கி அப்படிப் பேசினது பெத்த அப்பன்தான்னு தெரிஞ்சா, பிள்ளை எந்த முகத்தோட அண்ணே மணவறையில இருப்பா?"