டேங்க் நிறைய

மெக்கானிக் கசோன்டே பெட்ரோலில் கலக்கும் மருந்துப் புட்டியை நீட்டினான். "இப்ப வர்ற பெட்ரோல் உங்க கிழட்டு டட்சன் காருக்கு ஒத்துக்காதுக்கா. இதைக் கலந்துதான் ஊத்தணும். அண்ணன் இது இல்லாம வண்டிய எடுத்ததே இல்ல."

"கலக்கலைன்னா?" என்றாள் முவாப்பே, புருஷனின் காரில் சாய்ந்தபடி.

"வால்வு தேஞ்சு போகும்."

"அந்த மூலையில கேன்ல இருக்கே, அது?"

"ஐயோ, அது மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல்! வண்டி சாமான் கழுவ வச்சிருக்கேன். ஊத்தினா இஞ்சின் ஒரு மாசம் தாங்காது."

"அதையே டேங்க் நிறைய ஊத்து."

கசோன்டேவுக்குச் சுருக்கென்றது. "கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்குக்கா. அண்ணன் புள்ள மாதிரி வளர்த்த வண்டி. வைத்தியத்துக்கு லுசாக்கா போனவரு திரும்பி வந்து கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?"

"வரமாட்டாரு. சனிக்கிழமை புதைச்சாச்சு."

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"கட்டில், டிவி, என் தையல் மெஷின்கூட விடாம அவரு தம்பிங்க நேத்தே ஏத்திட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வண்டிய எடுக்க வர்றாங்களாம். டேங்க்கை நிரப்பி வைக்கச் சொன்னாங்க."

கசோன்டே புட்டியை அலமாரியில் திருப்பி வைத்தான். கேனைத் தூக்கி, அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரட்டும் என்று நன்றாகக் குலுக்கினான்.