ஊதிப் பழகிய வாய்

மருத்துவமனை மேசைமேல் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர், பழகுவதற்கென்று நர்ஸ் கொடுத்த மருந்தில்லாத இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்துகிறார். அழுத்திய கையோடு, பாவம், கன்னம் உப்ப ஊதியும் விடுகிறார். வெள்ளைப் புகை வெயிலில் மிதக்கிறது. "பாருங்கண்ணே, எல்லாம் ஜன்னலுக்குத்தான் போகுது," என்கிறாள் நர்ஸ். "அப்போ ரெண்டு வருஷமா ஜன்னலோட ஆஸ்துமாவுக்கா வைத்தியம் பாத்தோம்?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்பு அடங்காவிட்டால் ட்ரம்பெட்டை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். "மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தாங்க. நான் எப்படி எடுக்கிறேன்னு யாரும் பாக்கலம்மா." "நான் பாக்கிறேன். மூச்ச முழுசா விட்டுட்டு, அழுத்திக்கிட்டே மெதுவா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சு வைங்க." மறுபடியும் ஊதுகிறார், மறுபடியும் புகை. வெளியே வரிசை முணுமுணுக்கிறது. நர்ஸ் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவர் கண்ணை மூடி, உதட்டை இறுக்கி, அழுத்துகிறார். நெஞ்சு மெல்ல ஏறி நிற்கிறது. மனைவி குனிந்து வெயிலைத் துழாவிப் பார்க்கிறாள். தூசு மட்டும் மிதக்கிறது. "இனிமே வீட்லயும் வெயில்ல உக்காந்துதான் எடுக்கணும், நான் காவல் இருப்பேன். கேக்குதா?" அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார், பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை.