தேர்வு வாசலில் வாட்சும் கயிறும்

தாரணியின் மணிக்கட்டில் புது ஸ்மார்ட்வாட்ச் ஒன்று இருந்தது. அதை உரசிக்கொண்டு, அவள் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறும் கிடந்தது.

“இனி இளசுகள் கையெல்லாம் எங்களுக்குத்தான்” என்று பீற்றிக்கொண்டது வாட்ச். “இவள் நெஞ்சு படபடப்பதுகூட எனக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்?”

“இவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைக் கட்டிவிட்டவளைத்தான் தெரியும்” என்றது கயிறு.

அன்று நுழைவுத் தேர்வு. வாசலில் சோதனை போட்டவர் இரண்டுமே கூடாது என்றுவிட்டார். கயிற்றைக் கத்தரியால் வெட்டிப் போட்டார். வாட்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு தாரணி உள்ளே ஓடினாள். தொலைந்துவிடக் கூடாதே என்று அம்மா அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள்.

கேட்டைச் சாத்தினார்கள். வாட்ச் திடுக்கிட்டுப் போனது. அம்மாவின் நாடியில், மகளிடம் ஒருநாளும் அது காணாத படபடப்பு.

“இதைத்தான் சொன்னாயா?” என்று பழக்கத்தில் பக்கத்துக் கயிற்றைக் கேட்டது.

கயிறு கேட் ஓரத்தில், பிள்ளைகள் கழற்றிப் போட்ட ஷூக்களுக்கு நடுவே, அறுந்து கிடந்தது.