இடக்கைக் கையெழுத்து

பக்கவாதம் வலக்கையை முடக்கிய பிறகு, பழைய வேகப்பந்து வீச்சாளர் தேவசகாயம் இடக்கையால் கையெழுத்திடப் பழகியிருந்தார். தெருப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி வலை கட்ட ஏலம் விடவேண்டிய பந்துகளில் முதலாவதில், கையெழுத்தைச் சரிபார்க்கும் ஏலக்கூடத்து இயந்திரத்தின் கண்ணெதிரிலேயே கையெழுத்திட்டார்.

இளமையில் முழுப்பெயர், கேப்டனானதும் வெறும் சுழி, வயதானபின் நடுக்கம் என்று அவர் கையெழுத்தின் எல்லாப் பருவங்களையும் அறிந்திருந்த இயந்திரம், "போலி" என்றது.

"உங்க கையெழுத்து இப்படி மாறவே மாறாதுன்னு சொல்லுதுங்க ஐயா," என்று தயங்கினார் பெண் ஊழியர் மெஹராஜ்.

"எத்தனை தடவை பார்த்தா நம்பும்?"

"தெரியலைங்க. பாக்கப் பாக்கத்தான் கத்துக்கும்."

தேவசகாயம் சட்டையின் இடது கைப்பகுதியைப் பல்லால் இழுத்து மேலேற்றிக்கொண்டார்.

"அம்பயர் விரலைத் தூக்கலைன்னா பவுலர் வீட்டுக்கா போயிடுவான்? அடுத்த பந்தை எடும்மா."