பயிற்சி அழைப்பு

"இன்னைக்கு என்ன வேஷம் போடட்டும்?" என்று, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மனைவி கேட்டாள்.

"உன் இஷ்டம். புதுப் பொண்ணை அழ மட்டும் வெச்சுடாதே."

எங்களுடையது நாலு கார் ஓடும் சின்ன வாடகை வண்டி நிறுவனம். ஃபோன் எடுக்கப் புதிதாக யார் சேர்ந்தாலும், முதல் வாரம் என் மனைவி வீட்டிலிருந்து வாடிக்கையாளர் போலக் கூப்பிட்டுப் பாடாய்ப் படுத்துவாள். கடைசியில் சிரித்துவிட்டு, "பாஸ்" என்பாள்.

காலையில் காது கேட்காத கிழவியாகப் பேசினாள். புதுப் பெண் பாஸ். மத்தியானம் மறுபடி மணி அடித்தது.

புதுப் பெண் ரிசீவரைப் பொத்திக்கொண்டாள். "சார், உங்க வீட்டம்மா நம்பர்தான். நெஞ்சு வலிக்குது, வண்டி அனுப்புன்னு சொல்றாங்க. நிஜம் மாதிரியே இருக்கு."

"அவ நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவ. பதறாம, சொல்லிக் குடுத்ததைச் சொல்லும்மா."

"கவலைப்படாதீங்க மேடம், வண்டி கிளம்பிடுச்சு" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னைப் பார்த்தாள். "சிரிக்கவே இல்லையே சார்."

ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "கடைசியா 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்பிட்டாங்க சார். என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சுட்டேன்."

வீடு இப்போதும் அடுத்த தெருவில்தான் இருக்கிறது.