ஓராண்டுப் பூட்டு

அவள் அந்த அஞ்சலை இன்னும் திறக்கவில்லை.

அவன் கணினியில், அவன் மின்னஞ்சல் பெட்டியில், படிக்காததாகவே தடித்த எழுத்தில் நிற்கிறது. வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

பெறுநர்: முனைவர் இசக்கிமுத்து.

அவள் கணவன். அஞ்சல் வந்ததற்கு இரண்டு நாள் முன்பு செத்துப்போனவன்.

விண்வெளித் தொலைநோக்கிக்கு யார் வீட்டுத் துக்கம் தெரியும்? அவன் எழுதிக் கேட்டிருந்த நட்சத்திரத்துக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாள் வந்தது. வேலை முடிந்தது. அவன் பெயருக்கு அஞ்சல் வந்துவிட்டது.

ஆய்வில் அவள் பெயரும் உண்டு. ஆனால் அஞ்சல் தலைமை ஆய்வாளருக்கு மட்டும்தான் வரும்.

வழக்கம் இதுதான். கேட்டு வாங்கியவருக்கு ஒரு வருடம். அதுவரை தொலைநோக்கி எடுத்த பதிவை வேறு யாரும் தொட முடியாது. பிறகு பூட்டு கழன்றுவிடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நாளைக் காலை ஐந்தரை மணியோடு வருடம் முடிகிறது.

"இன்னைக்காவது தொறங்க மேடம்," என்றாள் பெல்சி. அவர்களுடைய வானியல் துறையில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். "வெளிநாட்டுக்காரன் அஞ்சரைக்கு எறக்கி, மத்தியானத்துக்குள்ள கட்டுரையே எழுதிருவான். சார் பேரு அடிக்குறிப்புலகூட வராது."

உண்மைதான். அவளுக்குத் தெரியாதா?

பயம். வேறொன்றுமில்லை.

அந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி ஒரு தட்டு போலச் சுழல்கிறது. கோள்கள் பிறக்கிற இடம். அதில் நீராவி இருக்கும் என்றான் அவன். பக்கத்தில் கொதிக்கிற பெரிய நட்சத்திரங்கள் எப்போதோ அதை வற்றவைத்திருக்கும் என்றாள் அவள். இரண்டு வருடம் இதே சண்டை. அடுப்படியில் சண்டை, பஸ்ஸில் சண்டை, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சண்டை.

"ஏட்டி, பந்தயம். தண்ணி இருந்துச்சுன்னா ஒரு வருசத்துக்கு மீன் கழுவுறது நீதான்."

கடைசி நாள் காலையிலும் அதே பேச்சு. சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவன் புதிதாக ஏதோ கணக்குச் சொன்னான். அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. எரிச்சலில் வாயை விட்டாள்.

"அங்க ஒண்ணும் கிடையாது. வெறும் புழுதி. போய் வேற பொழப்பப் பாரு."

அவன் சிரித்தான்.

பதினொரு மணிக்கு, துறையின் மாடிப்படியில், மாரடைப்பு.

அவன் சொன்னது சரியென்றால், அப்படிச் சொல்லி அனுப்பிய பாவி அவள். அவள் சொன்னது சரியென்றால், வெறும் புழுதிக்காக அவன் இரண்டு வருடம் மாய்ந்திருக்கிறான். எது வந்தாலும் அவளால் தாங்க முடியாது.

அதனால் திறக்கவில்லை. திறக்காதவரை சண்டை முடியாது. அவனோடு சண்டை போட அந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது.

என்ன படித்து என்ன? மனசு கேட்க வேண்டுமே.

பெல்சி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் திறந்தாள்.

நான்கைந்து வரிதான்.

குறி வைக்க உதவும் வழிகாட்டி நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் பிடிக்க முடியவில்லை. குறி நிலைக்கவில்லை. எதுவும் பதிவாகவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள்.

நீராவியும் இல்லை, புழுதியும் இல்லை. தொலைநோக்கி அவன் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வருடமாக அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு நொடி அவளுக்கு அப்பாடா என்றுகூட இருந்தது. இரண்டு பேருமே தோற்கவில்லை.

அடுத்த வரியைப் பெல்சி வாய்விட்டு வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

மீதியை அவளே படித்துக்கொண்டாள்.

இப்படித் தவறிப்போனால் தொண்ணூறு நாளுக்குள் ஒரு விண்ணப்பம் போதும். அதே நட்சத்திரத்தை மறுபடி பார்த்துத் தருவார்கள்.

தொண்ணூறு நாள்.

ஐந்து நிமிட வேலை.

தெரியாத விதியா? ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்கு அவளே சொல்வது. அஞ்சல் வந்தால் முதலில் பதிவு சரியாக இருக்கிறதா பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பெல்சிக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அவன் இரண்டு வருடம் கெஞ்சி வாங்கிய ஏழு மணி நேரம். ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அவள்தான் கெடுத்தாள். சாவு கெடுக்கவில்லை, தொலைநோக்கி கெடுக்கவில்லை, தொட்டால் உடைந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்து அவளே கெடுத்தாள்.

அழுகை வரவில்லை.

"எழுதித்தான் பாப்போம் மேடம்," என்றாள் பெல்சி. குரல் உடைந்திருந்தது. "கெடு தாண்டுனா என்ன? காரணம் சொன்னா சில நேரம் கேப்பாங்க."

கேட்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனாலும் பெல்சி படிவத்தைத் திறந்தாள். நட்சத்திரத்தின் எண்ணைத் தட்டினாள். ஆய்வின் தலைப்பை நிரப்பினாள். தலைமை ஆய்வாளர் என்ற இடத்தில் அவன் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம். தாமதத்துக்குக் காரணம்.

பெல்சியின் விரல்கள் நின்றன.

"இது நீங்களே எழுதுங்க மேடம்."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

பிறகு எழுதினாள்.

தலைமை ஆய்வாளர் வந்துவிடுவார் என்று இருந்துவிட்டேன்.